கொக்கியில் தொங்கும் உயிர்

வீட்டுக்கு வீடு கிணறு இருந்த காலத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். காலை நேரத்து அவசரம். தண்ணீர் சேந்தும்போது கயிறு அறுந்து, வாளி 'தொபுக்'கென்று உள்ளே போய்விடும். உடனே பக்கத்து வீட்டுக்கு ஆள் ஓடும், "பாதாளக் கரண்டி இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டு. வட்டமான இரும்பு வளையத்தில் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும் அந்தச் சாமானைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுத் துழாவுவார்கள். ஏதோ அதிர்ஷ்டவசமாக ஒரு கொக்கி வாளியின் பிடியைக் கவ்விக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் சாமர்த்தியமே இருக்கிறது. ஒரே சீராக இழுத்தால் வாளி மேலே வரும். 'கை வலிக்கிறதே' என்று பாதி வழியில் கயிற்றைச் சற்றே தளர்த்தினால் போச்சு, மறுபடியும் 'தொபுக்'!

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றில், கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாள் ஒருவர் பேத்தியை அதட்டிக்கொண்டிருந்தார்: "கவுத்தத் தொய்ய உடாத கண்ணு! மெதுவா, ஒரே பிடியா இழு!"

உலகத்திலேயே நெஞ்சைப் பதற வைக்கும் ஒரு மலையேற்ற வித்தையின் முதல் பாடத்தைத்தான் தாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அந்தப் பாட்டியம்மாளுக்குத் தெரியாது!

பாறையில் ஒரு நகம்

மலையேறுவதில் இரண்டு ரகம் உண்டு. கையையும் காலையும் மட்டுமே நம்பிப் பாறையைப் பற்றி ஏறுவது ஒன்று. அங்கே கயிறு இருந்தாலும் அது விழுந்தால் காப்பாற்றத்தான், ஏறுவதற்கு அல்ல. மற்றொன்று, பிடிக்க ஒன்றுமே இல்லாமல் சுவர் மாதிரி நிற்கும் பாறையில் சாதனங்களைப் பொருத்தி, அவற்றில் நாடா ஏணியை மாட்டி, அந்த ஏணியில் நின்று அடுத்த சாதனத்தைப் பொருத்தி, இப்படியே அடி அடியாக உயர்வது. இதை 'எய்டு கிளைம்பிங்' என்கிறார்கள். சாதனத் துணையோடு ஏறுவது என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

பாறையில் வெடிப்பு இருந்தால் கவலை இல்லை. அதில் முளை ஆணியை அடித்து இறுக்கலாம். வெடிப்பே இல்லாவிட்டால்? விரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு சின்ன விளிம்பு மட்டும் இருந்தால்? அங்கேதான் கொக்கி வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் எஃகுத் துண்டு. மேலே பருந்தின் அலகு போல வளைந்த மூக்கு. கீழே நாடா கோக்க ஒரு துளை. அந்த மூக்கை விளிம்பில் வைத்து, நாடாவில் ஏணியை மாட்டி, முழு உடம்பையும் அதில் ஏற்ற வேண்டும். ஆணி இல்லை, முடிச்சு இல்லை. அதைப் பிடித்து வைத்திருப்பது ஏறுகிறவரின் உடல் பாரம் ஒன்றுதான். இதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்கைஹுக்', அதாவது வானக் கொக்கி, என்ற பெயரும் உண்டு. வேடிக்கையாக வைத்த பெயர்தான். ஆனால் அதில் நின்று கீழே பார்ப்பவருக்கு வேடிக்கையாக இராது.

நம்பிக்கை வரவில்லையா? வளைந்த கைப்பிடி உள்ள பழைய குடை ஒன்றை எடுத்து மேஜை விளிம்பில் மாட்டுங்கள். அதன் தண்டில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்க விடுங்கள். குடை அசையாது. இப்போது பையைக் கீழிருந்து லேசாகத் தூக்குங்கள். குடை ஆட்டம் காணும். பையை உங்கள் பக்கமாக இழுங்கள். கைப்பிடி நழுவி எல்லாம் தரைக்கு வந்துவிடும். (அரிசி சிந்தினால் இந்தப் பத்திரிகை ஜவாப்தாரி அல்ல!) பாரம் நேர் கீழாக இருக்கும் வரையில் கொக்கி தோழன், பாரம் தளர்ந்தாலோ வெளிப்பக்கம் சாய்ந்தாலோ கொக்கி துரோகி. கொக்கிச் சாஸ்திரத்தில் முக்கால் பங்கு இவ்வளவுதான்.

ஆனைமலையில் மூங்கில் முளை

'இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு' என்று எண்ணிவிடாதீர்கள். கொங்கு நாட்டின் தெற்கு வாசலான ஆனைமலையில் வாழும் காடர்கள், தலைமுறை தலைமுறையாகச் சாதனத் துணையோடு ஏறியவர்கள். சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு பாகங்களாக நூல் வெளியிட்டார். கிளையே இல்லாமல் நெடுநெடுவென்று உயர்ந்து நிற்கும் காட்டு மரங்களில் காடர்கள் மூங்கில் முளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து, அவற்றையே படிகளாக்கி ஏறுவதை அவர் அதில் எழுதியிருக்கிறார். எதற்காக? தேனுக்காகத்தான்.

மலைச் செங்குத்தில் கட்டிய தேனடைகளை எடுக்கும்போது முறை வேறு. பிரம்பு வளையங்களைக் கோத்துச் சங்கிலி செய்து, அதை மேலிருந்து தொங்க விட்டு, அதில் இறங்குவார்கள். அப்போது மேலே காவலுக்கு நிற்பது யார் தெரியுமா? இறங்குகிறவனுடைய மனைவி அல்லது நெருங்கிய உறவினர். பிரம்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மேலே நிற்கும் ஆள் கெட்டியாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வரப் போகிறோம்.

அடுப்புக் காலும் வௌவால் கொக்கியும்

சாதனத் துணையோடு ஏறும் கலை மிகப் பெரிய அளவில் வளர்ந்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள யோசெமிடி பள்ளத்தாக்கு. அங்கே எல் கபிடான் என்ற கருங்கல் மலை சுமார் 3,000 அடி உயரத்துக்கு ஒரே சுவராக நிற்கிறது. வாரன் ஹார்டிங் என்பவரும் அவருடைய தோழர்களும் 1957-ல் அதன் மூக்குப் போன்ற நடுப்பகுதியில் ஏற ஆரம்பித்து, விட்டு விட்டு முயன்று, 1958 நவம்பரில் உச்சியைத் தொட்டார்கள். வழியில் பெரிய வெடிப்பு ஒன்று குறுக்கிட்டது. அதற்குப் பொருந்தும் அளவில் ஆணி கிடைக்கவில்லை. குப்பையில் கிடந்த பழைய எனாமல் அடுப்பின் கால்களை ஆணியாக அடித்து ஏறிவிட்டார்கள்! அந்த வெடிப்புக்கு இன்றைக்கும் 'அடுப்புக் கால் வெடிப்பு' என்றுதான் பெயர். சமையலறைக்கும் மலைச் சிகரத்துக்கும் தூரம் அதிகம் இல்லை, பார்த்தீர்களா!

அதே ஹார்டிங் 1970-ல் டீன் கால்ட்வெல் என்ற தோழருடன் அந்த மலையின் வேறொரு முகத்தில் ஏறினார். அங்கே வெடிப்பும் இல்லை, விளிம்பும் இல்லை. பாறையில் ஆழமில்லாத சின்னத் துளை போட்டு, அதில் கூரான கொக்கியின் முனையைச் செருகி நின்று ஏறினார். 'பேட் ஹுக்' என்று அதற்குப் பெயர். 'பேட்' என்றால் வௌவால். ஆனால் அதன் மூன்று எழுத்துகளுக்கு ஹார்டிங் கொடுத்த விரிவு, 'அடிப்படையிலேயே அசட்டுத்தனமான தொழில் நுட்பம்' என்பது. தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் மனிதர் போலும்! சுமார் நான்கு வாரம் சுவரிலேயே தொங்கினார்கள். மீட்க வருகிறோம் என்று சொன்னவர்களையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டு உச்சிக்குப் போனார்கள்.

பெண்கள் சளைத்தவர்களா? 1973-ல் பெவர்லி ஜான்ஸன், சிபில் ஹெக்டெல் என்ற இருவரும் ஆண் துணையே இல்லாமல் எல் கபிடானில் ஏறி முடித்தார்கள். பெண்கள் மட்டுமே கொண்ட குழு ஒன்று அந்த மலையை வென்றது அதுவே முதல் தடவை. 1978-ல் பெவர்லி இன்னும் ஒரு படி மேலே போனார். சாதனங்களின் துணையோடு தன்னந்தனியாக அந்த மலையில் ஏறி, அப்படி ஏறிய முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார். கொக்கி வேலைக்குத் தோள் வலிமையைவிடப் பொறுமையும் நிதானமும் அதிகம் வேண்டும். அவை யாரிடம் அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தட்டிப் பார், பிறகு நம்பு

கொக்கியைப் பத்திரமாக உபயோகிப்பது எப்படி? தேர்ந்தவர்கள் கடைப்பிடிக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

சந்தையில் மண்பானை வாங்கும்போது என்ன செய்கிறோம்? விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறோம். 'கணீர்' என்றால் வாங்குகிறோம். 'பொத்' என்றால் வைத்துவிடுகிறோம். பாறைக்கும் அதே சோதனைதான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று கொங்கு நாட்டில் பாறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்ட பாறையின் மேல்தோல், வெங்காயச் சருகு மாதிரி உள்ளே விட்டுப்போய் நிற்பது உண்டு. பார்வைக்கு விளிம்பு, தொட்டால் பொருக்கு. ஆகையால் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். பிறகு விளிம்பில் இருக்கும் மண்ணையும் பாசியையும் சின்னத் தூரிகையால் துடைக்க வேண்டும்.

அடுத்தது கொக்கியை வைப்பது. சிறு விளிம்புக்குச் சிறு கொக்கி, பெரிய விளிம்புக்குப் பெரிய கொக்கி. வைத்தபின் இப்படியும் அப்படியும் மெல்ல நகர்த்தி, மூக்கு எந்த இடத்தில் ஆடாமல் படிகிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கொக்கியின் கீழ்ப்பகுதியும் பாறையோடு ஒட்டி உட்கார வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் முக்காலி மாதிரி அது சுழலக்கூடாது. நாடாவைக் கோப்பதிலும் சூட்சுமம் உண்டு. அது கொக்கிக்கும் பாறைக்கும் இடையில் தொங்கும்படி கோக்க வேண்டும். அப்போதுதான் இழுக்கும் பாரம் மூக்கைப் பாறையோடு சேர்த்து அழுத்தும். நாடா வெளிப்பக்கம் தொங்கினால் அந்தப் பாரமே கொக்கியை நெம்பிவிடும்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது: சோதனை. நொய்யலில் தண்ணீர் ஓடும்போது கல்மேல் கால் வைத்துத் தாண்டியிருக்கிறீர்களா? புதிய கல்லில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்த பிறகுதானே பழைய கல்லிலிருந்து மற்றக் காலை எடுக்கிறோம்? இங்கேயும் அப்படியே. உடம்பு முழுவதும் பழைய சாதனத்தில் இருக்கும்போதே, புதிய கொக்கியின் ஏணியில் ஒரு காலை வைத்து மெல்ல மெல்லப் பாரம் ஏற்ற வேண்டும். பிறகு சிறு சிறு குலுக்கலாகக் குலுக்கிப் பார்க்க வேண்டும். தாங்கினால் மாறலாம். தாங்காவிட்டால் கொக்கி தெறிக்கும். ஆனால் ஆள் பழைய இடத்தில் பத்திரமாக நிற்பார்.

அப்படித் தெறிக்கும் கொக்கி எங்கே வரும்? நேராக முகத்துக்குத்தான். எஃகு நகம் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் சோதிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கொக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு குலுக்கவே மாட்டார்கள். தலைக்கவசமும் கண்ணாடியும் அவசியம். கொக்கி கீழே போய்விடாதபடி அதை உடம்போடு நாடாவால் இணைத்தும் வைத்திருப்பார்கள்.

நான்காவது, கொக்கியில் நிற்கும் ஒழுங்கு. பூனை நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏணியின் படிகளில் துள்ளக்கூடாது, ஊஞ்சல் ஆடக்கூடாது, எட்டிப் பார்க்கிறேன் என்று வெளியே சாயக்கூடாது. உடல் பாரம் எப்போதும் கொக்கிக்கு நேர் கீழே இருக்க வேண்டும். மேல் படிகளுக்குப் போகப் போக இடுப்பு கொக்கியின் மட்டத்தை நெருங்கும். அப்போது பாரம் வெளிப்பக்கம் இழுக்கப் பார்க்கும். குடை நழுவியது ஞாபகம் இருக்கிறதல்லவா? அந்தக் கட்டத்தில் இடுப்புக்கும் கொக்கிக்கும் இடையில் உள்ள நாடாவை இறுக்கமாக வைத்து, பாறையோடு ஒட்டி நிற்பார்கள். பாட்டியம்மாள் சொன்ன அதே மந்திரம்தான்: தொய்ய விடாதே!

கொக்கி ஏற்றும், காப்பாற்றாது

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரு நாள் விளிம்பு உடையும், கொக்கி நழுவும். அதற்கு என்ன ஏற்பாடு?

ஊசிக்குப் பின்னால் நூல் வருவது போல, ஏறுகிறவருக்குப் பின்னால் கயிறு வருகிறது. அதன் மறு நுனி கீழே நிற்கும் தோழர் கையில். வழியில் எங்கெங்கே உறுதியான ஆணி கிடைக்கிறதோ அங்கெல்லாம் ஒரு வளையத்தை மாட்டி, கயிற்றை அதற்குள் விட்டுக்கொண்டே போவார்கள். விழுந்தால் தாங்குவது அந்த ஆணியும் கயிறும் தோழருந்தான். கொக்கி தாங்காது. நிற்கும் பாரத்தைச் சுமக்கும் கொக்கி, விழும் வேகத்தைச் சுமக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. மேலும், ஒன்றைத் தாண்டியதும் பெரும்பாலும் அதைக் கழற்றிக்கொண்டே போகிறார்கள்.

இதில் ஒரு பயங்கரமான கணக்கு இருக்கிறது. கடைசி ஆணிக்கு மேலே 5 மீட்டர் தூரம் வெறும் கொக்கிகளிலேயே போய்விட்டார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கொக்கி நழுவினால் எவ்வளவு விழுவார்? ஐந்தா? இல்லை. ஆணிக்கு மேலே 5, ஆணிக்குக் கீழே 5, ஆக 10 மீட்டர். கயிறு நீளும் தூரம் அதற்கும் மேல். ஆகையால் கெட்டிக்காரர்கள் அடுத்த விளிம்பு எங்கே என்று அண்ணாந்து பார்ப்பதோடு நிற்பதில்லை, கீழேயும் பார்க்கிறார்கள். விழும் வழி வெறும் ஆகாயமாக இருந்தால் கயிறு ஏந்திக்கொள்ளும். இடையில் ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருந்தால், பாதித் தூரத்திலேயே எலும்பு முறியும். அத்தகைய இடத்தில் திரும்பி வருவதே வீரம்.

கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்திலேதான் முதல் பாடம். அதற்கு மேல் என்றால், உச்சியில் உறுதியாகக் கட்டிய கயிறு ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்க வேண்டும். கூட இருப்பவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும். சாமான் கடையில் வாங்கிய சாதாரணக் கொக்கியும் துணி உலர்த்தும் கயிறும் இதற்கு உதவவே உதவா.

மலம்புழையில் நடந்தது

இதையெல்லாம் குடும்பப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் மலைப் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். கோயமுத்தூருக்கு எந்தத் திசையில் பார்த்தாலும் மலைதானே!

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், மலம்புழை அணைக்கு அருகே ஒரு மலை. 2022 பிப்ரவரி 7-ந் தேதி, தோழர்களோடு அங்கே போன இளைஞர் ஒருவர் கால் தவறிச் சரிந்து, செங்குத்தான பாறையின் நடுவே ஒரு சிறு பொந்தில் சிக்கிக்கொண்டார். மேலே ஏற வழியில்லை. கீழே இறங்கவும் வழியில்லை. காலில் காயம். குடிக்கத் தண்ணீர் இல்லை. பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் குளிர். மறுநாள் ஹெலிகாப்டர் வந்து பார்த்தது; அந்த இடத்தை நெருங்க முடியவில்லை. அந்தப் பிள்ளையைப் பெற்றவளின் வயிறு அந்த இரண்டு இரவும் என்ன பாடு பட்டிருக்கும்!

நீலகிரி வெல்லிங்டனிலிருந்து ராணுவத்தினர் விரைந்தார்கள். பெங்களூரிலிருந்து இன்னொரு குழு விமானத்தில் நம்முடைய சூலூருக்கு வந்து இறங்கி, அங்கிருந்து சாலை வழியே போனது. இரவோடு இரவாக மலையேறி, 9-ந் தேதி காலையில் மேலிருந்து கயிற்றில் ஒரு வீரர் இறங்கினார். முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு இளைஞரைத் தம்மோடு வாரால் பிணைத்துக்கொண்டார். மேலே இருந்தவர்கள் இருவரையும் சிறுகச் சிறுக இழுத்து உச்சிக்குக் கொண்டு சேர்த்தார்கள். சிக்கிக்கொண்டு ஏறக்குறைய 45 மணி நேரத்துக்குப் பிறகு!

அந்த வீரரும் அதே பாறையில்தான் தொங்கினார். ஆனால் அவர் இடுப்பில் கயிறு இருந்தது. கயிற்றின் மறு நுனியில் விழித்திருக்கும் மனிதர்கள் இருந்தார்கள். இளைஞருக்குத் தைரியம் இல்லாமல் இல்லை. இரண்டு இரவு அந்தப் பொந்தில் தாக்குப் பிடித்தவருக்கு நிறையவே தைரியம் இருந்திருக்க வேண்டும். இல்லாமல் போனது கயிறுதான்.

ஆகவே தாய்மார்களே, பிள்ளையோ பெண்ணோ மலைக்குப் போகிறேன் என்றால் உடனே 'கூடாது' என்று தடுக்காதீர்கள். தடுத்தால் சொல்லாமல் போவார்கள். அது இன்னும் ஆபத்து. நாலே நாலு கேள்வி கேளுங்கள். வனத்துறையின் அனுமதி வாங்கியாயிற்றா? சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஆள் யார்? எந்த மலை, எப்போது திரும்புவாய்? கடைசியாக, கயிற்றின் மறு நுனியைப் பிடிப்பது யார்?

இந்த நாலாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பயணத்தை ஒத்திப் போடச் சொல்லுங்கள். மலை எங்கும் ஓடிப் போய்விடாது.

ஆனைமலைக் காடர் பெண்கள் செங்குத்தின் உச்சியில் காவல் நின்றது இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான். நாம் ஒவ்வொருவரும் வீட்டில் யாரோ ஒருவருக்காக அப்படி ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறோம். பொள்ளாச்சிப் பாட்டியம்மாளின் பேத்தி அன்றைக்கு வாளியை மேலே கொண்டுவந்துவிட்டாள். கயிறு உராய்ந்து சிவந்த கையை அவள் ஊதிக்கொண்டிருந்தபோது, பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்:

"பாத்தியா கண்ணு, நீ தொய்ய உடலை; அது வந்திருச்சு!"